மில் சங்கும் மூல நட்சத்திரமும்

எனக்குப் பிறந்த நாள் இரண்டு. மஞ்சள் தடவிய ஜாதக நோட்டில் ஐப்பசி மாதம் என்று இருக்கிறது. அன்று அடைமழை, மருத்துவச்சியைக் குடை பிடித்துக் கூட்டிவந்தோம் என்று அம்மா சொல்வார். பள்ளிச் சான்றிதழிலோ மே 25, கத்திரி வெயில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். ஐந்து வயது ஆகிவிட்டது என்று முடிவாயிற்று. ஜூனில் பள்ளி திறப்பதற்குத் தோதான ஒரு தேதி பதிவேட்டில் ஏறியது. என் தலைமுறைக்காரர்களில் மே, ஜூன் மாதப் பிறந்தநாள்கள் இத்தனை குவிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். வார இதழ் ஒன்று பிறந்த தேதிப்படி குணம் சொன்னபோது நண்பர்கள் மே 25க்கான பகுதியை வாசித்துவிட்டு, "அப்படியே நீதான்" என்றார்கள். வீட்டுக்குப் போய் ஐப்பசித் தேதிக்கானதைத் தனியாக வாசித்தேன். அதிலும் நான்தான் இருந்தேன்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிறந்த நாளும் நேரமும் ஒரு மனிதரைப் பற்றி எதையாவது சொல்கின்றனவா? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பலர். வீம்புக்காக அல்லாமல் அக்கறையோடு சோதித்தவர்களும் அவர்களில் உண்டு. கிடைத்த விடை நான் எதிர்பார்த்ததைவிட விரிந்தது.

வானத்தைப் பார்த்துக் குறி சொல்வது மிகப் பழைய வழக்கம். ஆனால் பழைய வானக்குறிகள் பெரும்பாலும் அரசனுக்கும் நாட்டுக்கும் மழைக்கும் உரியவை. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் விண்மீன் விழுவதைக் கண்டு அஞ்சியது ஒரு சேர மன்னனின் உயிருக்காக. தனியொரு குழந்தை பிறந்த கணத்தின் கோள்நிலையைக் குறித்துவைத்த பழக்கத்துக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் பாபிலோனியக் களிமண் பலகைகள், கி.மு. 410ஐச் சேர்ந்தவை. பன்னிரண்டு ராசிக் கட்டமும் லக்னமும் கிரேக்கத் தொடர்பு வழியாகக் கிறித்து பிறந்த பின் வந்த முதல் சில நூற்றாண்டுகளில் இந்தியாவுக்குள் வந்தன. நம் ஜோசியர்கள் அன்றாடம் சொல்லும் ஹோரை, கேந்திரம் என்ற சொற்களிலேயே கிரேக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்தேழு நட்சத்திரங்கள் நம்முடையவை, அதைவிட மூத்தவை. இரண்டும் கலந்ததுதான் இன்று நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஜாதகம். வெளியிலிருந்து வந்ததால் அது பொய்யாகிவிடாது. ஆனால் ரிஷிகள் ஒரே நாளில் அருளிய முழுமை என்று சொல்லி அதைக் கேள்விக்கு அப்பால் நிறுத்திவிடவும் முடியாது.

முதல் சிக்கல் பிறந்த நேரம். நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒன்று, லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாறும். இந்தியாவில் நாளொன்றுக்கு அறுபதாயிரம் குழந்தைகளுக்கு மேல் பிறக்கின்றன. அப்படியானால் ஒரே ராசி, ஒரே நட்சத்திரம், ஏறக்குறைய ஒரே லக்னத்தோடு இரண்டு மணி நேரத்தில் ஐயாயிரம் பேர் வருகிறார்கள். நவாம்ச லக்னம் வரை நுணுக்கமாகப் போனாலும், பதின்மூன்று நிமிடத்துக்குள் ஐந்நூறு பேர். அவர்களில் ஒருத்தி ஆட்சியர் வீட்டிலும் ஒருத்தி செங்கல் சூளையிலும் பிறந்திருப்பாள். இந்தக் கேள்வியை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகஸ்டின் கேட்டுவிட்டார். இளமையில் ஜோதிடத்தை நம்பியவர் அவர். பிரபு ஒருவரின் மகனும் அவருடைய நண்பர் வீட்டு அடிமைப் பெண்ணின் மகனும் ஒரே நொடியில் பிறந்த கதையை ஃபிர்மினஸ் என்ற நண்பரிடம் கேட்டதும்தான் அவருக்கு அந்த நம்பிக்கை முறிந்தது. ஒருவன் செல்வத்தில் வளர, மற்றவன் அடிமையாகவே உழைத்துக்கொண்டிருந்தான். 

அந்த நேரத்தையாவது நாம் சரியாகக் குறித்தோமா? தலை தெரிந்த நேரமா, குழந்தை அழுத நேரமா, தொப்புள்கொடி அறுத்த நேரமா என்பதிலேயே ஜோதிட நூலறிந்தவர்கள் ஒன்றுபடுவதில்லை. என் சித்தி பிறந்தபோது தாத்தா வீட்டில் கடிகாரம் கிடையாது. பஞ்சாலையின் காலைச் சங்கு ஊதி "வெத்திலை போடுற நேரம்" ஆகியிருந்தது என்று பாட்டி சொன்னதை வைத்து நாழிகை கணித்தார்கள். அந்த நாழிகையைச் சுமந்துகொண்டு சித்தி வாழ்ந்த வாழ்க்கையைப் பிறகு சொல்கிறேன். இப்போது நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து, அந்த நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பூர்வ வினைதான் பிறக்கும் கணத்தைத் தீர்மானிக்கிறது என்பது ஜாதகத்தின் அடிப்படை. அந்தக் கணத்தை அறுவை அரங்கின் நேரப் பட்டியல் தீர்மானிக்கலாம் என்றால் அந்த அடிப்படை எங்கே நிற்கும்? நேர்மையான ஜோசியர்கள் சிலரே இதைக் கேட்டு வருந்துகிறார்கள்.

இரண்டாவது சிக்கல் வானம். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகல் உண்டாகிறது. அது சேர்ந்து சேர்ந்து இன்று சுமார் 24 பாகை ஆகிவிட்டது. மேல்நாட்டு ஜோதிடம் பருவத்தை வைத்து ராசியைக் கணக்கிடுகிறது, நம்முடையது நட்சத்திரத்தை வைத்து. ஏப்ரல் 5இல் பிறந்தவர் அங்கே மேஷம், இங்கே மீனம். மேஷத்தின் முன்கோபமும் மீனத்தின் மென்மையும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

நம் ஊருக்குள்ளேயே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது வாக்கியம். கோள்களின் இன்றைய நிலையைக் கண்டு திருத்திக்கொள்வது திருக்கணிதம். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல். திருநள்ளாற்றில் வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20இல். இடையில் பதினோரு மாதம். ஏழரைச் சனி விலகுமா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒரு தனுசு ராசிக்காரருக்கு ஒரு பஞ்சாங்கம் விடுதலை கொடுத்துவிட்டது, இன்னொன்று அவரைப் பிடித்தே வைத்திருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் அவருக்கு நடந்தவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்படிக் கேள்விகளாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் தர்க்கத்தில் ஓட்டை இருந்தும் நடைமுறையில் பலிக்கும் விஷயங்கள் உலகில் உண்டு. ஆகவே பலிக்கிறதா என்று பார்ப்பதே நியாயம்.

பார்த்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரரான மிஷேல் கோக்லென். ஆயிரக்கணக்கான பிறப்புப் பதிவுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டவர். ராசிகளும் மரபான பலன்களும் தேறவில்லை என்று அவரே எழுதினார். ஆனால் 1955இல் ஒன்றைச் சொன்னார்: புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் பிறந்தபோது செவ்வாய் வானத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் இருந்தது தற்செயலாக 17 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 22 சதவீதம் இருந்தது. பல ஆண்டுகள் இதைச் சுற்றிச் சண்டை நடந்தது. ஜோதிடத்தை மறுத்த விஞ்ஞானிகளும் சில இடங்களில் நேர்மை தவறி நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் பிரான்ஸிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் புதிதாக எடுத்துச் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் செவ்வாய் விளைவு அதில் தென்படவில்லை. யாரைப் 'புகழ்பெற்ற வீரர்' என்று சேர்ப்பது என்ற தேர்விலேயே சாய்வு புகுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அமெரிக்காவில் ஷான் கார்ல்சன் செய்த சோதனை 1985இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஜோதிட அமைப்பினரே பரிந்துரைத்த 28 ஜோதிடர்கள் பங்கெடுத்தார்கள். ஒரு ஜாதகத்தோடு மூன்று ஆளுமை அறிக்கைகளைக் கொடுத்து, இதில் எது இந்த ஜாதகக்காரருடையது என்று கேட்டார்கள். இரண்டில் ஒன்றாவது சரியாகச் சொல்வோம் என்று அவர்கள் நம்பினார்கள். கிடைத்தது மூன்றில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வந்திருக்கக்கூடியது. கார்ல்சனின் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும் என்று ஜோதிட ஆதரவாளர்கள் பின்னாளில் வாதிட்டிருக்கிறார்கள். 

எனக்கு மிக நெருக்கமானது 2008இல் புனேயில் நடந்த சோதனை, ஏனென்றால் அது நம் ஜாதகத்தை நம் ஜோசியர்கள் கையிலேயே கொடுத்துப் பார்த்தது. வானியலாளர் ஜயந்த் நார்லிகர், புள்ளியியலாளர் சுதாகர் குண்டே, மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர், ஜோதிடம் கற்றுப் பின் அதை விட்டு விலகிய பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் சேர்ந்து நடத்தினார்கள். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள 100 பிள்ளைகள், மொத்தம் 200 ஜாதகங்கள். கலந்து, ஒவ்வொரு ஜோசியருக்கும் நாற்பது நாற்பதாக அனுப்பினார்கள். எது எந்த வகை என்று மட்டும் சொன்னால் போதும். புத்தி, கல்வி, பிள்ளைப்பேறு என்று ஐந்தாம் இடத்தையும் நாலாம் இடத்தையும் வைத்து அன்றாடம் பலன் சொல்பவர்களுக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. விடை அனுப்பியவர்கள் 27 பேர். நாற்பதில் 28 சரியாகச் சொன்னால் தற்செயலைத் தாண்டிய திறமை என்று கொள்ளலாம். மிக அதிகமாகச் சொன்னவர் 24. சராசரி இருபதுக்கும் கீழே. ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்தது. அதில் 102 சரி. காசைச் சுண்டிவிட்டால் நூறு வந்திருக்கும்.

இந்தச் சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது நூறு பிள்ளைகளின் பெற்றோர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர், "பிறந்த நேரம் சரியில்லை" என்ற சொல்லை உறவினர் வாயால் கேட்டிருப்பார்கள்? ஜாதகத்தைப் பார்த்தால் அந்தக் குழந்தைகளும் மற்ற நூறு பேரும் ஒன்றுதான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிறுவியதில்லை. தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று அதே புனேயில் காலை நடைக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு எப்படி எல்லோருக்கும் பொருந்துவதுபோல் இருக்கிறது? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக முடிவைக் கொடுத்து, ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். அதன் வாக்கியங்களில் பலவற்றைக் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். கோக்லென் இன்னும் துணிந்தார். 1946இல் தலை வெட்டப்பட்ட கொலைகாரர் மார்செல் பெத்தியோவின் பிறப்பு விவரத்துக்குப் பலன் எழுதி வாங்கி, அதை 150 பேருக்கு "இதுதான் உங்கள் ஜாதகம்" என்று அனுப்பினார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களையே அதில் கண்டார்கள். மே 25உம் ஐப்பசியும் எனக்கு ஒன்றுபோல் பொருந்தியதன் மர்மம் இவ்வளவுதான்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. பிரிட்டனில் ஹான்ஸ் ஐசங்க் உள்ளிட்டோர் 2,324 பேரை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட கட்டுரையில், ஜோதிடம் சொன்னபடியே சில ராசிக்காரர்கள் கலகலப்பாகவும் சிலர் ஒதுங்கியும் இருப்பதாக முடிவு வந்தது. ஜோதிடர்கள் மகிழ்ந்தார்கள். ஐசங்க் விடாமல் தோண்டினார். தங்கள் ராசிக்கு என்ன குணம் என்று அறியாதவர்களிடமும் குழந்தைகளிடமும் அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. தெரிந்தவர்கள் தெரிந்ததற்கு ஏற்பத் தங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். 'சிம்மம், பிடிவாதக்காரன்' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படும் பையன் பிடிவாதத்தைத் தன் சொத்தாக எடுத்துக்கொள்வதை நம் வீடுகளில் பார்க்கிறோம்.

ஜோசியர்களை மோசடிக்காரர்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. வேலை போன ஒருவர், பிள்ளையில்லாத ஒரு பெண், கடன் கழுத்தை நெரிக்கும் ஒரு வியாபாரி போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேச நம் ஊர்களில் வேறு என்ன இடம் இருக்கிறது? "இன்னும் ஆறு மாசம், தசை மாறிடும்" என்ற சொல்லில் ஒருவர் உயிரோடு வீடு திரும்பியதை அறிவேன். அந்த ஆறுதல் உண்மையானது. அது கட்டத்திலிருந்து வரவில்லை, எதிரே அமர்ந்து கேட்ட மனிதரிடமிருந்து வந்தது.

எண் கணிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் எண் ஆகாது என்று வண்டி எண்ணைக் கூட்டிப் பார்க்கிறோம். பிறந்த தேதியையும் அப்படியே கூட்டுகிறோம். அந்தத் தேதியைத் தருவது ஐரோப்பிய நாட்காட்டி. 1582இல் போப்பாண்டவர் ஆணைப்படி அதில் பத்து நாட்களை நீக்கினார்கள். பிரிட்டன் 1752இல்தான் அதை ஏற்று, செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைத்தது. ஓர் அரசாணையில் மாறும் எண் ஒருவரின் இயல்பை எப்படிப் பிடித்துவைக்கும்?

ஆனால் பிறந்த தேதி எதையுமே சொல்வதில்லை என்று முடித்துவிட்டால் அதுவும் தவறு. அது சொல்கிறது, நாம் காது கொடுக்காத வேறு விஷயங்களை. கனடாவில் பனி ஹாக்கியின் முன்னணி இளைஞர் அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் மிகுதியாகவும் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அரிதாகவும் இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி 1985இல் கவனித்தார். வயதுப் பிரிவின் கெடுநாள் ஜனவரி 1. எட்டு வயதுப் பிள்ளைகளிடையே பதினோரு மாத மூப்பு என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வேறுபாடு. அந்தப் பிள்ளையைத் 'திறமைசாலி' என்று எடுத்துப் பயிற்சி தருகிறார்கள், பயிற்சியால் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிறான். 1997இல் கால்பந்துக்கான கெடுநாளை ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றியதும் பெல்ஜியத்தில் 'அதிர்ஷ்ட மாதங்கள்' கூடவே நகர்ந்தன. கிரகம் நகரவில்லை, விதி நகர்ந்தது.

வகுப்பறையில் இதற்கு இன்னும் கசப்பான முகம் உண்டு. அமெரிக்காவில் செப்டம்பர் 1ஐப் பள்ளிச் சேர்க்கைக் கெடுவாக வைத்த மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளே வகுப்பில் இளையவர்கள். அவர்களில் பத்தாயிரத்துக்கு 85 பேருக்குக் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். செப்டம்பரில் பிறந்த, வகுப்பில் மூத்த பிள்ளைகளிடையே அது 64தான். 2018இல் வந்த ஆய்வு இது. சின்னப் பிள்ளையாக இருப்பதையே நோய் என்று எழுதிவிட்டார்கள். காதைத் தொடவைத்து எங்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளியில் வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அடி வாங்கியதை நினைத்துக்கொள்கிறேன். 'மக்கு' என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் வெறும் இளையவர்கள்?

பருவமும் பேசுகிறது. ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் இலையுதிர் காலத்தில் பிறந்தவர்கள் வசந்தத்தில் பிறந்தவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று டோப்ளாமர், வாபெல் இருவரும் 2001இல் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் அந்த வரைகோடு சரியாக அரையாண்டு தள்ளிப் போகிறது, அங்கே பருவம் தலைகீழ் என்பதால். காரணம் ராசி என்றால் இரண்டு அரைக்கோளத்துக்கும் ஒன்றாக அல்லவா இருந்திருக்கும்? இந்தியாவில் மழைக்காலத்தில் பிறக்கும் குழந்தைகள் குளிர்காலத்தில் பிறப்பவர்களைவிட உயரத்திலும் எடையிலும் சற்றுப் பின்தங்குவதாக ஆய்வு உண்டு. அறுவடைக்கு முந்தைய பற்றாக்குறை, மழையோடு வரும் வயிற்றுப்போக்கு, நாற்று நடவில் முதுகு ஒடியும் தாய் என்று காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. இவையெல்லாம் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் மெல்லிய சாய்வுகள். ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் எதிர்காலத்தைச் சொல்ல இவை உதவா. அந்தக் குழந்தை எந்த உலகத்துக்குள் வந்து விழுந்தது என்பதை மட்டும் சொல்கின்றன. 

உலகம் தரும் அந்த வேறுபாட்டில் நம்பிக்கையும் ஒன்று. ஜப்பானில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை 'நெருப்புக் குதிரை' ஆண்டு வரும். அதில் பிறக்கும் பெண் கணவனைக் கொன்றுவிடுவாள் என்று ஒரு பேச்சு. 1965இல் அங்கே பிறந்த குழந்தைகள் 18 லட்சம். நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் 13.6 லட்சம். அடுத்த ஆண்டு 19 லட்சத்தைத் தாண்டியது. தொழிலில் முன்னேறி, தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கிவிட்ட ஒரு நாடு, பெண் பிறந்துவிடக் கூடாது என்று ஓராண்டு முழுக்கத் தயங்கி நின்றது. 

நாம் அந்த ஆண்டை ஒவ்வொரு மாதமும் நடத்துகிறோம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று எதுகையோடு ஒரு சொலவடை. அது "ஆனி மூலம், பின் மூலம்" என்பதன் திரிபு என்று விளக்கும் ஜோசியர்கள் இருக்கிறார்கள். விளக்கம் வந்த பிறகும் வரன் வருவதில்லை.

செவ்வாய் தோஷத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து. அதுவே நூறு பேரில் நாற்பதுக்கு மேல். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், தோராயமாக நூறில் எண்பது பேர் ஏதாவது ஒரு வகையில் தோஷக்காரர்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு கல்யாணமே நடக்காது என்பதால்தான் விதிவிலக்குகள் பக்கம் பக்கமாக வளர்ந்தன. எந்த விலக்கு யாருக்குக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் பெண் வீட்டாரின் வசதியைப் பொறுத்தது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 

சித்திக்கு மூல நட்சத்திரம். நல்ல நிறம், நல்ல படிப்பு, ஆசிரியை வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு ஜாதகத்தை வாங்கிப் போவார்கள், ஒரு வாரத்தில் தபாலில் திரும்பி வரும். அப்பா இல்லாத பையனாகப் பாருங்கள் என்று தரகர் தாத்தாவிடம் சொன்னார். மாமனார் ஏற்கெனவே செத்திருந்தால் பயமில்லை அல்லவா. அப்படி ஒரு வீடும் கடைசிவரை அமையவில்லை. தங்கைகளுக்கும் தம்பிக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டுச் சித்தி தனியாகவே ஓய்வு பெற்றார்.

சென்ற ஆண்டு அவருடைய பழைய நோட்டை எடுத்து, இரண்டு முறையிலும் கணித்துப் பார்த்தேன். பாட்டி சொன்ன சங்கு நேரத்தையே வைத்துக்கொண்டேன். வாக்கியப்படி அன்று மூலம் முடிய இன்னும் மூன்று நாழிகை இருந்தது. திருக்கணிதப்படி மூலம் ஏற்கெனவே முடிந்து பூராடம் பிறந்துவிட்டிருந்தது. ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு நோட்டை ஒருமுறை பார்த்தார்.

"பூராடமா? பூராடம் நூலாடாதுன்னு சொல்வாங்களே, தாலி தங்காதுன்னு. அப்ப நான் எந்த நட்சத்திரத்துலதான்ப்பா பொறந்திருக்கணும்?"